மின்வெட்டு அளந்து கொடுத்த நேரம்

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அந்த வீட்டில் பாலுசாமியின் வேலை. ஞாயிறு காலையில் காப்பி குடித்த கையோடு, சாயம்போன வேட்டியை மடித்துக் கட்டி, மாடிப்படிக்கு அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூடியாகத் திருகி எடுத்துத் தரையில் வரிசையாக வைப்பார். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய அவர் மனைவி பத்மாவதிக்கு டார்ச் பிடிக்கிற வேலை மட்டும்தான். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவளே இதைச் செய்யப் போய், அன்று கட்டியிருந்த சேலை ஒரே துவைப்பில் சல்லடையாகிவிட்டது. அதிலிருந்து, “எங்கூட்டு டாக்டரம்மாவை ஆசிட்டுப் பக்கம் மட்டும் விடறதில்லீங்க” என்பது வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லும் முதல் வேடிக்கை. பத்மாவதியும் மறுத்துப் பேசியதில்லை. எம்.எஸ்ஸி. செய்முறைத் தேர்வுக்குப் பிறகு அவள் ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொட்டதில்லை என்பது உண்மைதானே.

அன்று டார்ச் பிடிக்க அவள் வந்ததே அவரிடம் ஒன்றைச் சொல்லிவிடத்தான். ஆனால் பாலுசாமி புனலைச் செருகிக்கொண்டே மேடைப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘அனைவருக்கும் வணக்கம்’னு ஆரம்பிக்கறதா, ‘வணக்கமுங்க’ன்னு ஆரம்பிக்கறதா அம்மணி? மேடையில ‘ங்க’ போட்டா நல்லாயிருக்குமா?”

எப்படி வருகிறதோ அப்படிப் பேசுங்கள் என்றாள். அவர் அதை ஒரு பெரிய யோசனையாக எடுத்துக்கொண்டு, தண்ணீர் மட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை உரிமையாளர் சங்கத்தின் ஆண்டு விழா. உறுப்பினர் குடும்பத்துப் பெண்களில் சாதித்தவர்களுக்குச் சால்வை போடுவதாக இந்த வருஷம் ஏற்பாடு. பத்மாவதியைப் பற்றிப் பேச பாலுசாமியையே கூப்பிட்டிருந்தார்கள். மேடை என்றாலே பின்வரிசைக்குப் போகிற மனிதர், இதற்கு மட்டும் உடனே சரியென்று சொல்லிவிட்டார். சொல்வதற்கு அவரிடம் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையின் நடுப்பகுதி தப்பு என்பது நேற்று மத்தியானத்திலிருந்து பத்மாவதிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

கடைசி மூடியையும் திருகி முடித்து அவர் எழுந்துவிட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே அவள் டார்ச்சை அணைத்தாள்.

பத்மாவதிக்குச் சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம், மஞ்சள் போடுகிற குடும்பம். கணக்கு நன்றாக வரும். ஆனாலும் கணக்குப் படித்தால் வாத்தியார் வேலை, கெமிஸ்ட்ரி படித்தால் சாயப்பட்டறைக்காவது போகலாம் என்று அவள் அப்பா ஒரு கணக்குப் போட்டு இதில் சேர்த்துவிட்டார். அந்தச் சாயப்பட்டறை அவளை விடவேயில்லை. பெங்களூரில் ஆராய்ச்சி செய்த வருஷங்களில் எந்த விசேஷத்துக்கு ஊருக்கு வந்தாலும், சாயத் தண்ணிக்கு மருந்து கண்டுபிடித்தாயா என்றுதான் கேட்டார்கள். ஒரு மாமா, தன் கிணற்றிலிருந்து சிவப்பாக ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, பதில் வாங்காமல் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால்தான் சொல்ல முடியும் என்றாள். மாமா ஊருக்குப் போய், “அந்தப் புள்ள படிச்சது வேற கெமிஸ்ட்ரியாமா” என்று சொல்லிவிட்டார். அது அப்படியே நிலைத்துவிட்டது.

வேற கெமிஸ்ட்ரிதான். குடுவையும் கிடையாது, நெடியும் கிடையாது. ஒரு மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் கழன்று இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றால், நடுவில் ஆற்றலால் ஆன ஒரு மலை நிற்கிறது. ஏறிக் கடக்கத் தெம்பு இருந்தால்தான் வினை நடக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் ஹைட்ரஜன் மிகவும் லேசானது. அது குண்டுமணி மாதிரி ஓரிடத்தில் இருப்பதில்லை. புகை மாதிரிப் பரவிக் கிடக்கிறது. அந்தப் புகையில் கொஞ்சம், மலை ஏறாமலே மறுபக்கம் போய்விடுகிறது. எவ்வளவு போகிறது, அதனால் வினை எவ்வளவு வேகமாகிறது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் பத்மாவதியின் இருபத்தைந்து வருஷப் பிழைப்பு.

வகுப்பில் இதைச் சொன்னால் வருஷா வருஷம் யாராவது, “பாலக்காட்டுக் கணவாய் மாதிரிங்களா மேம்?” என்று கேட்பார்கள். ஆடிக்காற்றை அந்த வழியாக வாங்கி வளர்ந்த பிள்ளைகள் வேறு எதைக் கேட்கும்? கணவாய் என்றால் அங்கே மலை இல்லை என்று அர்த்தம்; இது மலை முழுசாக நிற்கிற இடம் என்பாள் அவள். மேட்டுப்பாளையத்தில் நிற்கிற பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவுகூட ஏறாமல் ஊட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொல்வாள். அப்படியானால் டிக்கெட் எதுவரைக்கும் கிழிப்பார்கள் என்று பின்பெஞ்சில் ஒரு குரல் வரும். அதுவும் வருஷா வருஷம் வரும்.

பெண் பார்க்க வந்தபோது பாலுசாமி அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த ஆராய்ச்சிக்கு என்ன மெஷின் வேண்டும்? கம்ப்யூட்டர் என்றாள். அவருக்குத் திருப்தியாகிவிட்டது. மெஷின் வைத்துச் செய்கிற எந்த வேலையின் மேலும் அவருக்கு மரியாதை உண்டு. கணபதியில் அவருக்குப் பம்ப்செட் உதிரி வார்க்கிற சின்னப் பட்டறை இருந்தது. பத்மாவதி கோவையிலேயே ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். பாடம் எடுத்து, பேப்பர் திருத்தி, மிச்சப்பட்ட நேரத்தில் ஹைட்ரஜனைக் கவனித்துக்கொண்டாள்.

பிறகு வந்தது மின்வெட்டு. கோயமுத்தூர்க்காரர்களுக்கு அந்த வருஷங்களை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வந்து வந்து போகிற மின்சாரத்தில் கல்லூரிக் கணிப்பொறிகள் பாதிக் கணக்கில் செத்துச் செத்துப் போயின. ஒரு கணக்கு முடிய நாள் கணக்கில் ஓட வேண்டும். அது அரைநாள்கூட ஓடவில்லை. பத்மாவதி வீட்டில் வந்து எதுவும் சொல்லவில்லை. பாலுசாமியாகத்தான் ஒருநாள், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மறு வாரம் பட்டறையில் மர அச்சுகளை அடுக்கியிருந்த அறையில் பாதியை ஒழித்து, ஜெனரேட்டரிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்து, நான்கு கணிப்பொறிகளை வைத்துக் கொடுத்துவிட்டார். வார்ப்பு மணல் உள்ளே போகாமலிருக்க அவள் தன் பழைய மெல்லிய நூல் சேலைகளைக் கிழித்து அவற்றுக்குத் திரை போட்டாள். பட்டறைப் பையன்கள் அந்த அறைக்கு ‘அம்மா மெஷின் ரூம்’ என்று பெயர் வைத்தார்கள்.

ஜெனரேட்டரும் நாள் பூராவும் ஓடாது. பையன்கள் சாப்பிடப் போகும்போது பாலுசாமி நிறுத்திவிடுவார். ஆர்டர் இல்லாத காலம், டீசல் விற்ற விலை அப்படி. ஆகவே ஓடுகிற நேரத்துக்குள் முடிகிற மாதிரி பத்மாவதி தன் கணக்கை வெட்டினாள். மலைக்கு நட்டநடுவில் ஹைட்ரஜனை விட்டுவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பின்தொடர்ந்து பார்க்கிற கணக்கு அது. நெடுந்தூரம் பின்தொடர்வதை விட்டுவிட்டு, கொஞ்ச தூரம் மட்டும் பார்க்கிற குட்டிக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஓட்டினாள். இன்னும் கொஞ்சம் ஓட்ட முடியுமா என்று அவள் அவரிடம் கேட்டதேயில்லை. பந்தியில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று வாய்விட்டுக் கேட்பது அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் வழக்கமில்லை. பரிமாறுகிறவர்கள் பார்த்து வைக்க வேண்டும்; வைத்ததைச் சாப்பிட்டு எழ வேண்டும்.

வைத்ததைச் சாப்பிட்டே அவள் பெரிய காரியம் செய்துவிட்டாள். அந்தக் குட்டிக் கணக்கு முறை வெளிநாட்டு இதழில் வந்தது. குறைந்த செலவில் இவ்வளவு நேர்த்தியா என்று நாலு பேர் எழுதினார்கள். அதே முறையில் ஒரு பெரிய மூலக்கூறில் ஹைட்ரஜன் இவ்வளவு வேகமாகத் தாவும் என்று அவள் சொன்ன எண்தான் அவளுக்குப் பேராசிரியர் பதவியும் பெயரும் வாங்கிக் கொடுத்தது. பாலுசாமிக்கு அந்த எண் தெரியாது. ஆனால் அதில் தன் ஜெனரேட்டர் இருக்கிறது என்று தெரியும். பட்டறைக்கு வருகிற பேங்க் அதிகாரியிலிருந்து சம்பந்தி வீட்டார் வரை எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அவள் வேலையில் அவர் உள்ளே வந்து நின்ற ஒரே இடம் அது. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் பத்மாவதி பக்கத்தில் காப்பி டம்ளரோடு நின்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பிடித்திருந்தது.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த வினையை முதன்முறையாக ஒரு குழு ஆய்வுக்கூடத்தில் அளந்திருந்தது. உங்கள் கணக்கைவிட வேகம் நன்றாகவே குறைவாக வருகிறது, நாங்கள் எங்கே தவறியிருப்போம் என்று நினைக்கிறீர்கள் என்று மிகப் பணிவாகக் கேட்டிருந்தார்கள். அவளிடம் ஆராய்ச்சி செய்கிற நவ்யாவுக்குக் கோபம். சாம்பிளில் வேறு ஏதாவது கலந்திருக்கும் மேம், அப்படியே எழுதிவிடுவோம் என்றாள். பத்மாவதியும் ஒருநாள் முழுக்க அப்படியே நம்பினாள்.

அந்த வாரக் கடைசியில் உடுமலைப்பேட்டையிலிருந்து பாலுசாமியின் அக்கா நாச்சியம்மாள் தேங்காய் மூட்டையோடு வந்திருந்தார். வருவது சுலபம், அவர் கிளம்புவதுதான் பெரிய வைபவம். வாரேன் அம்மணி என்று கேட்டைத் தாண்டுவார். செல்போனை விட்டுவிட்டேன் என்று திரும்புவார். மறுபடி தாண்டி, கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் வீட்டிலோ ஜாதகம் தட்டிப்போன கதைக்காக மறுபடி உள்ளே வருவார். அன்றைக்கு அவர் போய்விட்டார் என்று நினைத்து பத்மாவதி அடுப்பைப் பற்றவைத்து தாளித்தும் விட்டாள். “ஏனம்மணி, அந்தத் தூக்குப்போசி?” என்று தேங்காயோடு கொண்டுவந்த தூக்குப் பாத்திரத்தைக் கேட்டு அவர் குரல் வந்தபோது கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குப் புரிந்தது என்று சொன்னால் அது பொய். மின்னஞ்சலைப் படித்த அன்றே மனதின் ஒரு மூலையில் தெரிந்திருந்தது. தூக்குப்போசியைத் தேடி எடுத்துக் கொடுத்தபோது, இனி தெரியாத மாதிரி இருக்க முடியாது என்றாகிவிட்டது, அவ்வளவுதான். மலையைத் தாண்டிய ஹைட்ரஜனில் ஒரு பங்கு திரும்பி வரும். எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருப்பதுதான். சின்ன மூலக்கூறில் சட்டென்று திரும்பிவிடும். அதை அவள் சோதித்தும் பார்த்திருந்தாள். பெரிய மூலக்கூறில், சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் நெருக்கியடிக்கிற இடத்தில், அது நின்று நிதானித்துத் திரும்புகிறது. அதற்குள் அவள் கணக்கு முடிந்து, தாண்டியதெல்லாம் போனதாக எழுதியாகிவிட்டது.

நவ்யாவிடம் அதே கணக்கை நீண்ட நேரத்துக்கு ஓட்டச் சொன்னாள். நேற்று, சனிக்கிழமை மத்தியானம், வரைபடம் வந்தது. வேகத்தைக் காட்டும் கோடு, நேரம் போகப் போக மேலிருந்து இறங்கி இறங்கி, ஜெர்மனிக்காரர்கள் அளந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து சமமாகிவிட்டது. தாங்கள் எப்போதும் நிறுத்துகிற இடத்தில் நவ்யா ஒரு புள்ளி வைத்திருந்தாள். கோடு இறங்கத் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே இருந்தது அந்தப் புள்ளி.

“இந்த டைமை யாருங்க மேம் ஃபிக்ஸ் பண்ணாங்க?” என்றாள் நவ்யா. தெரியாமல்தான் கேட்டாள். அவளுக்கு முந்தியவர்களிடமிருந்து புரோகிராமோடு சேர்ந்து வந்த எண் அது. இப்போது பெங்களூரில் பாடம் எடுக்கிற பத்மாவதியின் முதல் மாணவி, தன் மாணவர்களுக்கும் அதையே கொடுத்திருப்பாள்.

பத்மாவதியை உறுத்தியது அதுதான். மின்வெட்டு தீர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கல்லூரி நல்ல கணிப்பொறிகளை வாங்கிப் போட்டுவிட்டது. பட்டறை அறையில் மறுபடியும் மர அச்சுகள் வந்துவிட்டன. அந்த நேர அளவை மட்டும் அவள் ஒருநாளும் மாற்றவில்லை. அவள் தெருவில் சிறுவாணித் தண்ணீர் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகும் சில வீடுகளில் டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்கிறார்கள். அதைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள்.

திருத்தம் எழுதுவதில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே நவ்யாவும் அவளும் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டார்கள். திங்கட்கிழமை இதழுக்கும் ஜெர்மனிக்கும் போய்விடும். ஹைட்ரஜன் மலையைத் துளைக்கத்தான் செய்கிறது, அவள் சொன்னதைவிடக் குறைவாகத் துளைக்கிறது. பெயர் கொஞ்சம் மங்கும். துறையில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு பக்கத்துச் சமாசாரம். வீட்டில் இருக்கிறவருக்கு எப்படி ஒரு பக்கத்தில் எழுதுவது என்பதுதான் தெரியவில்லை. எதுவும் சொல்லாமல் விட்டாலும் சங்கத்து மேடையில் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவள் கீழே முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும்.

பேட்டரி வேலை முடிந்த அந்த ஞாயிறு காலை, இட்லி சாப்பிட்டு முடித்து அவள் மாடி அறைக்கு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பாலுசாமியே மேலே வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சென்னையில் வேலை பார்க்கிற மகள் அக்ஷயா பேச்சைத் தட்டச்சு செய்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாளாம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நின்றபடியே படித்துக் காட்டினார். முதலில் மாமாவின் பாட்டில் தண்ணீர் வந்தது. பிறகு ஆசிட் சேலை வந்தது. இரண்டுக்கும் அவள் சிரித்தாள்.

“‘என்ற ஜெனரேட்டர் ஓடுன நேரத்துக்குத் தக்கன என்ற சம்சாரம் கணக்கை வெட்டுனாங்க. இருக்கறதை வெச்சுச் செய்யறதுதானுங்க நம்ம பட்டறைக்காரன் புத்தி. அதைத்தான் வெளிநாட்டுக்காரன் புதுமைன்னு சொன்னான்.’ எப்படி? இதுக்குக் கை தட்டுவாங்கன்னு சொல்றா அக்ஷயா.”

“சித்தெ உக்காருங்க” என்றாள் பத்மாவதி.

அவர் நாற்காலியை இழுத்தார், ஆனால் உட்காரவில்லை.

“அந்தக் கணக்கு தப்பாயிருச்சுங்க.”

“எந்தக் கணக்கு?”

“நீங்க இப்பப் படிச்சதேதானுங்க.”

பாலுசாமி கைப்பேசியை ஒருமுறை பார்த்தார், எழுத்துப் பிழை அதற்குள் இருக்கிற மாதிரி. பத்மாவதி மெதுவாகச் சொன்னாள். ஜெர்மனியைச் சொன்னாள், வரைபடத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் எதுவும் பிடிபடவில்லை என்று தெரிந்ததும், “உங்க அக்கா கெளம்பற மாதிரிங்க. கேட்டைத் தாண்டுனதும் போய்ட்டாங்கன்னு எழுதிப்போட்டேன். திரும்பி வர்றாங்களான்னு நின்னு பாக்கலை” என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்கக்காளைக் கணக்கெடுக்கறதுன்னா கஷ்டந்தான்” என்றார். சிரிப்பு முடிவதற்குள்ளேயே ஏதோ தட்டுப்பட்டு நின்றார். “நீ எதுக்கு நின்னு பாக்கலை?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

பத்மாவதி அவசரமாகப் பேசினாள். அப்போதைக்கு அது சரிதான், அதற்குப் பிறகு மின்சாரம் வந்துவிட்டது, பெரிய மெஷின் வந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் மாற்றிப் பார்த்திருக்கலாம், பார்க்காமல் விட்டது தன் தப்பு, திருத்தத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றாள். எல்லாம் உண்மை. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், பட்டறையில் ஒரு வார்ப்பு ஏன் விரிசல் விட்டது என்று ஃபோர்மேன் சொல்லும்போது கேட்பதைப் போல.

“அப்ப வர்ற ஞாயித்துக்கெழமை மேடையில என்னத்தைப் பேசறது?”

“நடந்ததைப் பேசுங்க. ரூம் ஒழிச்சுக் குடுத்தது, லைன் இழுத்தது. அதெல்லாம் தப்பாகிப் போயிருமாங்க?”

“அது செரி” என்றார். ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே தெருவில் யாரோ மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புகிற சத்தம். அவர் திரும்பாமலே பேசினார். “பசங்க சோத்துக்குப் போனதும் நான் போய் ஆஃப் பண்ணிப்போடுவேன். நீ அந்த ரூமுக்குள்ளதான் உக்காந்திருப்ப. அந்தச் சத்தம் நின்னதும் எந்திரிச்சு, சேலைத்துணியை இழுத்து மூடிப்போட்டு வெளிய வருவ. ஒரு நாளும் மொகஞ் சுளிச்சதில்லை. இவளுக்குப் போதும்போல இருக்குதுன்னு நான் நெனச்சுக்குவேன்.”

பத்மாவதி மேசையில் திறந்து கிடந்த பேனாவை மூடி வைத்தாள்.

“பத்தாதுன்னு உனக்குத் தெரியுமா அப்ப?”

“சரியாத் தெரியாதுங்க.”

“சந்தேகம் இருந்துது.”

“இருந்துதுங்க.”

அவர் திரும்பினார். கோபம் இல்லை, இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ஒரு வார்த்தை, ‘இன்னுங் கொஞ்சம் ஓட்டுங்க’ன்னு கேட்டிருந்தா, நான் ஓட்டியிருக்க மாட்டன்னா நெனச்ச?”

மேசையில் நவ்யாவின் வரைபடம் கிடந்தது. பத்மாவதி அதைப் பார்த்தாள், பிறகு தன் கைகளைப் பார்த்தாள். டீசல் விலையைப் பார்க்காமல் அவர் ஓட்டியிருப்பார் என்றுதான் நினைத்திருந்தாள், அதனால்தான் கேட்கவில்லை. ஓட்டியிருக்க மாட்டார் என்றும் ஒரு நாள் நினைத்திருந்தாள், அதனாலும் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவளிடம் ஒரு முறை இல்லை.

பாலுசாமி அவள் பதிலுக்காக நின்று பார்த்தார். இழுத்துப் போட்ட நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தாமல் வெளியே போனார்.